வாட்டுக்குள் ஒரு பெரட்டு

என்னைக் கமிட்டியில் போட்டதற்குக் காரணம் என் வாய்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வாழ்நாளெல்லாம் கத்திக் கத்தி வளர்த்த வாய் அது. ஓய்வு பெற்றதும் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தது அவருடைய தப்பு. பதுளையிலிருந்து ஒருவர் போனில் அழைத்து, ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று வெளியாட்களைக் கொண்டு பார்க்கப் போகிறோம், தமிழும் தோட்டமும் தெரிந்த ஒரு பெண் வேண்டும், வருவீர்களா என்று கேட்டார். "சம்பளம் உண்டா?" என்றேன். இல்லை, பஸ் காசு மட்டும் என்றார். "அப்ப வாறேன்" என்றேன். சம்பளம் கொடுப்பவர்கள் ஒருநாள் வாயை மூடு என்றும் சொல்வார்கள் என்பது என் அனுபவம்.

கமிட்டியில் நாங்கள் மூன்று பேர். தலைவி ஓய்வு பெற்ற சிங்கள டாக்டர் அம்மா. வேறு மாகாணத்துக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் கொஞ்சம் நொண்டும். இரண்டாவது ஆள் பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை நானா என்று கூப்பிடுவேன். எதைக் கண்டாலும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பிறகுதான் வாய் திறப்பார். மூன்றாவது நான். எங்களில் யாருக்கும் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் கிடையாது, அங்கே சொந்தக்காரர் கிடையாது, அங்கே சாமான் விற்கிற வியாபாரமும் கிடையாது. அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் பிடித்தார்களாம். எந்த வாட்டுக்குள்ளும் போகலாம், யாரிடமும் எதையும் கேட்கலாம். தண்டிக்க முடியாது. கண்டதை அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினால், அதை ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் வாசிக்கும்படி ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுகிற விதிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

நான் சொல்லப் போகும் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. ஊவா மலையில் எங்கோ இருக்கிறது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அவ்வளவு போதும்.

அங்கே போவதற்குக் காரணம் ஒரு போன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் பெண் எங்கள் நம்பருக்கு அழைத்தாள். அவளுடைய அம்மா லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். மழைக்காலத்தில் கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்திருக்கிறது. சொறிந்த இடம் புண்ணாகி, இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தமும் சேர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டவில்லை, கறுத்துப்போய்க் கழன்றது. மறுபடி ஒட்டினார்கள். அதுவும் கழன்றது. மூன்றாம் தடவை பார்ப்போம், இதுவும் பிடிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

"ஒத்தக் காலோட எங்கம்மா மலையில என்னா செய்வாங்க டீச்சர்? மிஸ்ஸிமாரு ஒழுங்கா கட்டுப் போடுறதில்ல. தோட்டத்தாளுங்கதானேன்னு அசட்டை. நீங்க போயி நல்லா கேளுங்க."

நல்லாவே கேட்கிறேன் என்றேன். போனை வைக்கும்போதே அந்த வாட்டின் தலைமை நர்ஸான பெரிய மிஸ்ஸிக்கு என் மனதில் வழக்கு விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்தாகிவிட்டது. ஆளை நான் பார்த்ததுகூட இல்லை.

முதல் தடவை மூவரும் முறைப்படி, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். வாசலில் பொறுப்பு டாக்டர், மேட்ரன், கிளார்க் என்று ஒரு வரிசை. வெற்றிலைத் தட்டு ஒன்றுதான் குறை. உள்ளே நுழைந்ததும் நானா மூக்கை உறிஞ்சினார். "டீச்சர், இந்த பினாயில் இண்டைக்குக் காலைலதான் ஊத்தியிருக்கு" என்றார் என் காதருகே. பெண்கள் வாட்டில் கட்டில் விரிப்புகளை விரல் நுனியால் தடவிப் பார்த்து, "இது தண்ணி கண்ட துணி இல்ல. மடிப்பப் பாருங்க, பெட்டியிலேருந்து இப்பத்தான் எடுத்தது" என்றார். துணிக்கடைக்காரரிடம் விரிப்பைக் காட்டி ஏமாற்ற முடியுமா!

நாங்கள் வாட்டுக்குள் கால் வைத்ததும் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் எழுந்து தங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். டவுன் பெண்கள் இரண்டு மூன்று பேர் படுத்தபடியே எங்களைப் பார்த்தார்கள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேலைன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாரும் எழும்பி நடமாடுற அளவுக்கு நல்லா இருக்கிறாங்க" என்று பொறுப்பு டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். ஏதாவது குறை உண்டா என்று கட்டில் கட்டிலாகக் கேட்டோம்.

"ஒரு கொறையும் இல்லைங்க. ரொம்ப நல்லா பாக்குறாங்க."

எல்லோரும் அதையே சொன்னார்கள். அன்று காலையில்தான் வந்து சேர்ந்த, இன்னும் யாரும் வந்து பார்க்காத ஒரு பெண்ணும் ரொம்ப நல்லா பார்க்கிறார்கள் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வாக்கியத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மடுல்சீமையில் நான் பிறந்த லயத்துக்குக் கொழும்பிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சாக்கடைக் கான் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வந்தவர் தோட்டத்தை நடத்துகிற துரையோடு நின்று ஏதும் குறை உண்டா என்று கேட்பார். ஒரு குறையும் இல்லைங்க என்று லயமே சேர்ந்து சொல்லும். அன்றைக்கு மழை பெய்தால் எங்கள் வீட்டுக் கூரை அதே மூலையில் ஒழுகும், அம்மா அதே சட்டியைக் கொண்டுவந்து வைப்பார்.

போனில் பேசிய பெண்ணின் அம்மா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லியான உடம்பு. மூன்றாவது தடவையும் தோல் ஒட்டிவிட்டிருந்தார்கள். கட்டுப் போட்ட காலை உயர்த்தி வைக்க ஒரு பெரிய தலையணை கொடுத்திருந்தார்கள். தலையணை கட்டில்மேல் இருந்தது. கால் தரையில் இருந்தது. அவளும் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். பொறுப்பு டாக்டர் உட்காரச் சொல்லிக் கையசைத்தார். அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள், நாங்கள் நகரும்வரை நின்றாள். நானும் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, மனதில் வாங்கவில்லை.

பிறகு ஓர் அறையில் கேக்கும் ரோல்ஸும் வைத்து உபசரித்தார்கள். பொறுப்பு டாக்டர் வெளியே போனதும் தலைவி அம்மா, "என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"நாம வாட்டைப் பாக்கலை மேடம். பெரட்டைப் பாத்துட்டு வந்திருக்கோம்" என்றேன்.

அவருக்குப் பெரட்டு புரியவில்லை. காலையில் தோட்டத்து ஆட்களை ஒரு களத்தில் கூட்டி, வரிசையில் நிற்கவைத்து, பேர் கூப்பிட்டு இன்றைக்கு இன்ன மலையில் வேலை என்று பிரித்துவிடுகிற சடங்கு என்று விளக்கினேன். அங்கே யாரும் உட்காருவதில்லை, யாரும் குறை சொல்வதுமில்லை. நாளைக்கு நான் தனியாக, ஒரு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, நோயாளி பார்க்க வருகிறவர்களோடு வந்து உட்காருகிறேன் என்றேன். அவர், எங்கள் ஆட்கள் எந்த நேரமும் சொல்லாமல் வரலாம் என்று பொறுப்பு டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளிந்து பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் சாதாரணச் சேலையொன்றைச் சுற்றிக்கொண்டு, தேத்தண்ணியும் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் எடுத்துக்கொண்டு, பகல் பார்வை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டில் நின்றவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனால், அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தேன்.

"ஒன் மக எங்கிட்ட பேசுனா தங்கச்சி. என்னா நடக்குதுன்னு உள்ளதச் சொல்லு" என்றேன்.

"அவ சும்மா சத்தம் போடுவா டீச்சர். இங்க ஒரு கொறையும் இல்லைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்து அவளிடம் நீட்டினேன். சம்பல் வாயில் பட்டதும் அவளுக்குப் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை, மலையைப் பற்றி. அவளுடைய தோட்டத்தில் மேல் நிரை அவளுடையதுதானாம். கொழுந்து எடுக்க ஆளுக்கொரு செடி வரிசை பிரித்துக் கொடுப்பார்களே, அதுதான் நிரை. மேல் நிரை செங்குத்து. சின்னப் பெண்களே ஏறப் பயப்படுவார்களாம். அங்கேயிருந்து பார்த்தால் லுணுகலை டவுன் முழுவதும் தெரியுமாம்.

"அதுக்கு ரெண்டு காலும் வேணும் டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டைப் பார்த்தாள். "எடுத்துருவாங்களா?"

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அப்போது ஒரு மிஸ்ஸி காய்ச்சல் பார்க்கும் கருவியோடு வந்தாள். இவள் காலைத் தலையணையிலிருந்து இறக்கி, கட்டிலின் கம்பியைப் பிடித்து, எழுந்து நின்றாள். பாத்ரூம் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். "நெகிட்டின்ன எப்பா அம்மே" என்றாள் மிஸ்ஸி, எழும்ப வேண்டாம் என்று, அடுத்த கட்டிலைப் பார்த்தபடியே. இவள் சிரித்தாள். மிஸ்ஸி போனபிறகு ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வண்டி வந்தது. எழுந்தாள். ஒரு சின்ன டாக்டர் யாரையோ தேடி வாட்டின் ஒரு கதவால் வந்து மறு கதவால் போனார். எழுந்தாள். பிறகு மேட்ரன். பிறகு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஏணியோடு வந்தார். பல்பு மாற்ற வந்தவர். அவருக்கும் எழுந்து நின்றாள்.

நான் ரொட்டியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பப் படுத்தபோது கட்டின் கீழ் ஓரத்தில் லேசாக ஈரம் ஊறியிருந்தது. பயந்துவிட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நேரே பெரிய மிஸ்ஸியின் மேசைக்குப் போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த, கண்டிப்பான முகமுள்ள பெண்.

"உங்களக் கண்டா எந்திரிச்சு நிக்கிற அளவுக்கு மெரட்டி வச்சிருக்கீங்களா? அந்தக் கால் போயிரும்னு தெரியாதா?" என்றேன். வாட்டே திரும்பிப் பார்த்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் சொல்றது டீச்சர். ஒவ்வொரு நாளும் சொல்றது. எழும்ப வேணாம், கால் மேல இருக்கணும். அவங்க சரி சரி சொல்றது, திரும்பவும் எழும்புறது. கட்டுப் போடுறது நானே. ரெண்டு தரமும் தோல் கழண்ட நேரம் நான்தான் பாத்தது. வீட்டுக்குப் போய் சோறு திங்க முடியல்ல."

பல்புக்காரர் வரைக்கும் எழுந்து நிற்கிறாளே, அது தெரியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு என்னைப் பார்த்தார். தெரியாது. தான் வரும்போது மட்டும் எழும்புகிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். சின்ன மிஸ்ஸி தனக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறாள். டாக்டரும் அப்படியே. ஒவ்வொருவரும் வந்தார்கள், அவள் எழுந்ததைப் பார்த்தார்கள், வேண்டாம் என்றார்கள், போனார்கள். நான் இருந்த கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து முழு நேரமும் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஒரு வேலையும் இல்லாத எனக்குத்தான் அது இருந்தது.

இருவரும் கட்டிலுக்குப் போனோம். அவள் எழுந்திருக்க, ஆளுக்கொரு தோளைப் பிடித்து அழுத்தினோம். பெரிய மிஸ்ஸி காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். வேண்டாம் என்று இத்தனை பேர் சொல்லியும் ஏன் எழும்புகிறாய் என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வேணாம்னு சொல்றது அவங்க பெரிய மனசுங்க டீச்சர். அதுக்காக நாம நிக்காம இருந்துற முடியுமா? எங்க தொரையும்தான் ஆபீசுல உக்காரு உக்காருன்னு சொல்வாரு. யாரு உக்காருவா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டாக்டர் சொன்னதை அவள் வைத்தியமாகக் கேட்கவே இல்லை, உபசாரமாகக் கேட்டிருக்கிறாள். உட்காரு என்று சொல்வது பெரியவர்களுடைய மரியாதை, உட்காராமல் இருப்பது நம்முடைய மரியாதை. லயத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. தலைவி அம்மா அறைக்குள் வந்தால் நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன், அவர் எத்தனை தடவை வேண்டாம் என்றாலும். பெரிய மிஸ்ஸிக்கு இதைப் பெயர்த்துச் சொன்னேன். அவர் நம்பமுடியாமல் அவளைப் பார்த்தார்.

நான் என் பள்ளிக்கூடக் குரலை எடுத்தேன். மரியாதை பார்த்தால் கால் போய்விடும், மேல் நிரை போய்விடும், இனி யார் வந்தாலும் அசையக்கூடாது என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் அழுதாள். "சரிங்க டீச்சர். இனிமே எந்திரிக்கவே மாட்டேன். சத்தியமா" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சின்ன டாக்டர் வந்தார். கண்ணீரோடு பாதி எழுந்துவிட்டாள்! பெரிய மிஸ்ஸி தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

டாக்டர் போனபிறகு பெரிய மிஸ்ஸி அவளிடம் ஒன்று கேட்டார். "அம்மே, மலையில தேயிலை எடுக்கிற நேரம் தொரை வந்தா? அப்பவும் வேலைய விட்டுட்டு நிக்கிறதா?"

"அய்யோ, மலையில யாராச்சும் நிப்பாங்களா மிஸ்ஸி!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி, இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில். "கை நிக்கக்கூடாதுங்க. நின்னா கங்காணி கத்துவாரு. தொரை வந்தா இன்னும் வெரசாத்தான் எடுப்போம். திரும்பிக்கூட பாக்க மாட்டோம்."

பெரிய மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்து அவள் தலைமாட்டுக்குப் போட்டேன்.

"தங்கச்சி, இங்க பாரு. இது பெரட்டுக் களம் இல்ல. இது மலை. இந்தத் தலைகாணிதான் ஒன் நிரை. கால அதுமேல வச்சிருக்கிறதுதான் ஒனக்குக் குடுத்திருக்கிற வேலை. எவரு வந்தாலும் வேலைய நிறுத்தக்கூடாது. வெளங்குதா?"

அவள் தலையணையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், யோசித்தாள். "அப்ப கங்காணி யாரு டீச்சர்?"

"நான்தான் கங்காணி" என்றார் பெரிய மிஸ்ஸி, நெஞ்சில் கை வைத்து. பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தால் தையல் வலிக்கிறவர்களும் சிரித்தார்கள்.

நான் கிளம்புவதற்குள் மேட்ரன் ஒரு சுற்று வந்தார். அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. விரல்கள் விரிப்பை இறுக்கிப் பிடித்தன. ஆனால் கால் தலையணையில் இருந்தது. அவள் கூரை முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன, ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று மேட்ரன் கேட்டார். அவள் வேலையாக இருக்கிறாள் என்று பெரிய மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னார்.

அடுத்து அறிக்கை. அங்கேதான் உண்மையான சண்டை. நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், தாதிமார்மேல் பழி நீங்கிவிடும் என்பது பொறுப்பு டாக்டரின் ஆசை. அந்த வரியை அவர் வாயால் கேட்டதும் நான் மேசையைத் தட்டினேன். காலைக் காப்பாற்றிக்கொள்ள ஆசைப்படாத மனுஷி உண்டா? இந்தப் பக்கம் இப்படியென்றால், இரவு அந்த அம்மாவின் மகளிடமிருந்து போன். கட்டெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் அவங்க பக்கம் சாஞ்சிட்டீங்களா டீச்சர்?" என்றாள். தூக்கம் போனது எனக்கு. தோட்டத்துப் பெண்ணொருத்தி என்னை அப்படிக் கேட்டுவிட்டாளே என்று மனது வலித்தது.

தலைவி அம்மாவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் கோபமா? அப்ப நாங்க சரியான இடத்தில நிக்கிறோம்" என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். நானா என் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தார். அது அவருடைய ஆறுதல்.

கடைசியில் எழுதியது இதுதான். மருந்து கட்டியதில் பிழையில்லை. படுத்திருக்கச் சொன்னதிலும் பிழையில்லை. சொன்னது நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை, அது ஆஸ்பத்திரியின் பிழை. அசையாமல் இருக்க வேண்டியவர்களுக்கு அது வேலை என்று, அவர்களுக்கு விளங்குகிற விதமாகச் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒருதரம் யாராவது ஒருவர் பார்வை நேரம் முழுவதும் வாட்டில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். இனி எங்கள் கமிட்டியும் ஊர்வலமாக வராது, ஏனென்றால் எங்களுக்காகவும் அந்தக் கால் தரையில் நின்றது. புது விரிப்புகள் நாங்கள் போனபிறகும் கட்டிலில் இருக்க வேண்டும் என்பது நானா சேர்த்த வரி. அறிக்கையை வாசலில் ஒட்டினார்கள். பொறுப்பு டாக்டர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார்.

கட்டு அவிழ்க்கிற நாள் கமிட்டிக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அதனால் போனேன். மகள் கொழும்பிலிருந்து வந்து வாட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பேசவில்லை. சர்ஜன் வந்தார். அவளுடைய அம்மா அசையவில்லை, முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். பெரிய மிஸ்ஸி துணியைச் சுற்றுச் சுற்றாக, தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தார். கடைசிச் சுற்றில் அவர் கை நின்றது.

தோல் பிடித்திருந்தது. ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் படிந்திருந்தது. சர்ஜன் குனிந்து பார்த்து, சிரித்து, கால் இருக்கும் என்றார்.

அவள் காலைப் பார்க்கவில்லை. பெரிய மிஸ்ஸியைத்தான் பார்த்தாள். "வேலை முடிஞ்சிருச்சாங்க மிஸ்ஸி?"

"இன்னும் இல்ல" என்றார் கங்காணி. "இன்னும் கொஞ்ச நாள் இருக்கு."

மகள் உள்ளே வந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். பெரிய மிஸ்ஸி அதற்கு இடம் கொடுக்கவில்லை. புதுக் கட்டுத் துணியை அவள் கையில் கொடுத்து, ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணி முழுவதையும் நானே குடித்தேன். அப்படி ஒரு நிம்மதியான தேத்தண்ணியை அதற்கு முன்னால் குடித்த ஞாபகம் இல்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்காகப் பதுளையில் லுணுகலை பஸ் ஏறினேன். நெரிசல். கையில் பலகாரச் சாமான், தோளில் பை, காலையிலிருந்து டவுனில் அலைந்ததில் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. கம்பியைத் தேடிக் கையை நீட்டினால், முன்னால் ஒரு சீட்டிலிருந்து யாரோ படக்கென்று எழுந்தார்கள்.

அவள்தான். கையில் நம்ம நானா கடைப் பை.

"உக்காரு!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். பஸ்ஸே அமைதியானது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

அவள் சிரித்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். தழும்பு, மற்ற இடத்தைவிட வெளிர் நிறத்தில், ஆனால் இறுக்கமாக, உலர்ந்து இருந்தது. "இப்ப மறுபடி மலைக்கு வேலைக்குப் போறேன் டீச்சர். மேல் நிரையேதான். நீங்க உக்காருங்க."

"வேணாம் தங்கச்சி, நீ இரு. நான் நிக்கிறேன்."

"உக்காருங்க டீச்சர்."

"அட, வேணாங்கிறேன்."

அவள் நகரவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். இன்னிக்கு நான் சொல்றேன். இது உபசாரத்துக்குச் சொல்றது இல்ல, உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, லுணுகலை வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்றே வந்தாள்.